மராகேஷ் ஜமா எல்-ஃப்னா: கேமராவோடு நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொராக்கோவுக்கு டிக்கெட் போட்ட கையோடு எனக்கு ஃபோன் போடுபவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல்முறை டிசம்பர் குளிரில் ஐந்து நாள், அடுத்தது ரமலான் மாதத்தில் நான்கு நாள். படம் எடுப்பது என் தொழில் இல்லை, பைத்தியம்.

ஜமா எல்-ஃப்னா என்பது கோட்டையா, கடைத்தெருவா, என்ன அது?

ஒரு வெட்டவெளி. மராகேஷின் பழைய நகரான மதினாவுக்குள் கோணல்மாணலாகக் கிடக்கும் திறந்த திடல். சதுக்கம் என்று சொல்கிறோமே தவிர, நான்கு மூலையைத் தேடினால் கிடைக்காது. மேற்கே கொஞ்ச தூரத்தில் குத்துபிய்யா பள்ளிவாசலின் கோபுரம், வடக்கே சந்தைத் தெருக்களின் வாய், சுற்றிலும் மொட்டைமாடி வைத்த காபிக் கடைகள். மதியம் பன்னிரண்டு மணிக்கு முதன்முதலாகப் பார்ப்பவர், ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்றுதான் நினைப்பார். நானும் நினைத்தேன்.

பார்க்க வேண்டியது கட்டடத்தை இல்லை, அங்கே கூடுகிற ஆட்களை. மராகேஷ் 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர்கள் உண்டாக்கிய ஊர். பல நூறு ஆண்டுகளாகக் கதைசொல்லிகள், பாட்டுக்காரர்கள், வித்தைக்காரர்கள், மூலிகை விற்பவர்கள், பல் பிடுங்குபவர்கள் எல்லோருக்கும் இந்தத் திடல்தான் பிழைப்பு. 1990களில் பக்கத்தில் உயரமான கட்டடமும் வண்டி நிறுத்துமிடமும் கட்டும் பேச்சு வந்தபோது, அந்த ஊரிலேயே குடியிருந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ எதிர்த்துக் குரல் கொடுத்தார். கல்லையும் மண்ணையும் காப்பாற்றுவது போல வாய்மொழிக் கலையையும் காப்பாற்ற வேண்டாமா என்ற விவாதம் யுனெஸ்கோ வரைக்கும் போனது. 2001இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக இந்தத் திடலை அறிவித்தார்கள். தொட்டுப் பார்க்க முடியாத மரபுகளுக்கென்று 2003இல் தனி உடன்படிக்கையே வந்தது. அந்த யோசனைக்கு விதை விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று.

பெயரைப் பற்றி இரண்டு கதை உண்டு. ‘இறந்தவர்களின் கூட்டம்’ என்பது ஒன்று. முற்காலத்தில் தலை வெட்டிக் காட்சிக்கு வைத்த இடமாம். ‘அழிந்துபோன பள்ளிவாசல்’ என்பது இன்னொன்று. எது சரி என்று அந்த ஊரிலேயே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த நேரத்தில் போனால் நல்ல படம் கிடைக்கும்?

காலை எட்டு மணிக்குப் போனால் திடல் கழுவிவிட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஆரஞ்சுச் சாறு வண்டிகள், நான்கைந்து குதிரை வண்டிகள், தள்ளுவண்டியில் புதினாக் கட்டு கொண்டுபோகிறவர்கள், அவ்வளவுதான். நீண்ட நிழல் விழும் நேரம் என்பதால் எனக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் அட்லஸ் மலையின் பனியும் மொட்டைமாடிகளிலிருந்து தெரியும்.

மதியத்தை விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் வெயில், ஆட்களும் குறைவு. சந்தைக்குள் நுழைந்துகொள்ளுங்கள்.

பலரும் தவறவிடுவது மாலை நான்கிலிருந்து ஆறு வரையிலான நேரத்தை. இரவில் நீங்கள் பார்க்கும் அத்தனை உணவுக் கடைகளும் தினமும் புதிதாகக் கட்டப்படுபவை. இரும்புக் குழாய், பெஞ்சு, வெள்ளைத் துணிக் கூரை, எரிவாயு உருளை, பல்பு மாலை எல்லாம் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். நம் ஊர்த் திருவிழாப் பந்தல் போடுவதைப் போலத்தான், ஆனால் ஒவ்வொரு நாளும். ஒரு பையன் குழாய் மேல் குரங்கு மாதிரி ஏறி, பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு துணியை இழுத்துக் கட்டுவதை அரை மணி நேரம் பார்த்தேன். அவன் என்னைக் கவனிக்கவே இல்லை. காசு கேட்கும் ஆளும் இல்லை, போஸ் கொடுக்கும் ஆளும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் எடுத்த படங்கள்தான் இன்று வரை என் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

அதன் பிறகு அடுப்பு மூட்டுவார்கள். புகை எழும்ப எழும்ப பல்பு வெளிச்சம் அதில் பரவும், வானம் அடர்நீலமாகும். சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடம்தான் இந்தக் காட்சி. டிசம்பரில் ஆறரை வாக்கில் சூரியன் மறையும், ஜூனில் எட்டே முக்காலுக்குப் பக்கமாகிவிடும்.

ரமலானில் போகலாமா? எல்லாம் மூடியிருக்குமே?

தாராளமாகப் போகலாம். பகலில் மந்தமாக இருக்கும், உண்மைதான். அந்த மாதத்துக்கு மட்டும் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள். நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் அவ்வளவு பெரிய திடல் சில நிமிடங்களில் காலியாகிவிடும். ஆளில்லாத ஜமா எல்-ஃப்னாவைப் படம் பிடிக்க அதுதான் நேரம். நான் கேமராவைத் தூக்கியபோது சாறு வண்டிக்காரர் ஒருவர் கூப்பிட்டு மூன்று பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். சரி என்று அவர் பக்கத்திலேயே நின்று தின்றேன். அந்த ஆளில்லாத படத்தை எடுக்கவில்லை.

பகலில் தெருவில் நின்று தண்ணீர் குடிப்பது, சாப்பிடுவது மட்டும் வேண்டாம்.

மேலிருந்து எடுக்க எந்த இடம்?

கிழக்கு ஓரத்துக் காபிக் கடை மாடிகள். அங்கிருந்து பார்த்தால் திடல் முழுவதும் முன்னால், அதற்குப் பின்னால் குத்துபிய்யா, அதற்கும் பின்னால் மறையும் சூரியன். எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும். பானம் ஏதாவது வாங்கினால்தான் மாடிக்கு விடுவார்கள், கீழே திடலில் குடிப்பதை விட விலையும் கூட. முன்வரிசைக்குப் போட்டி இருக்கும் என்பதால் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே ஏறி உட்காருங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மாடியிலிருந்து எடுத்த படங்கள் எல்லாமே ஒரே படம்தான். உங்களுடையதும் என்னுடையதும் எதிரில் உட்கார்ந்த ஜெர்மன்காரருடையதும் ஒன்றுபோல இருக்கும். ஒரு மாலை போதும், மற்ற மாலைகளில் கீழே இறங்குங்கள்.

குத்துபிய்யாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கோபுரம் 70 மீட்டருக்கு மேல் உயரம். முன்பு சுற்றிலும் புத்தகக் கடைக்காரர்கள் இருந்ததால் வந்த பெயர். நம் ஊர் முஸ்லிம்கள் புத்தகத்தைக் ‘கிதாபு’ என்கிறார்களே, அதன் அரபுப் பன்மைதான் ‘குதுப்’. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தோட்டத்தில் சுற்றலாம்.

படம் எடுத்தால் காசு கேட்பார்களாமே, உண்மையா?

உண்மை. இதில்தான் எல்லோரும் கோபப்படுகிறார்கள், நானும் முதல் நாள் கோபப்பட்டேன்.

திடலுக்குள் கால் வைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்னால் இருந்து ஒருவர் வந்து என் தோளில் குளிர்ச்சியாக, வழுவழுவென்று எதையோ போட்டார். பாம்பு. நான் சிலையாகிவிட்டேன். இன்னொருவர் சிரித்த முகத்தோடு என் கேமராவை வாங்கி நான்கு படம் எடுத்தார். பிறகு 200 திர்ஹாம் என்றார்கள். மனக்கணக்குக்கு ஒரு திர்ஹாமைப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய். பத்து நிமிடம் இழுபறி, கடைசியில் 50 கொடுத்துத் தப்பித்தேன். அறைக்கு வந்து படத்தைப் பார்த்தால் நான்கிலும் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், பாம்பின் தலை ஒன்றில்கூட இல்லை.

கோபம் தணிந்து யோசித்தபோது கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. இந்தத் திடலில் பார்க்கப்படுவதுதான் தொழில். சிவப்பு உடுப்பு, அகலமான குஞ்சம் வைத்த தொப்பி, தோல்பை, பித்தளைக் கிண்ணங்கள், மணி என்று நிற்கிறாரே தண்ணீர்க்காரர், ‘கெர்ராப்’ என்பார்கள், அவரிடம் இன்று தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் எத்தனை பேர்? அவர் விற்பது அந்தக் கோலத்தை. தெருக்கூத்துப் பார்த்துவிட்டுத் தட்டு வரும்போது நழுவினால் நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அங்கேயும் சொல்வார்கள். எனவே, முதலில் கேளுங்கள், தொகையைப் பேசுங்கள், பிறகு எடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருடினால் உங்களுக்கு முன்பே அவர்கள் பார்த்துவிடுவார்கள். அந்தக் கண்கள் வேறு.

சரி, எவ்வளவு கொடுப்பது?

10 முதல் 20 திர்ஹாம் மரியாதையான தொகை. சட்டைப்பையில் 5, 10 திர்ஹாம் நாணயங்களைத் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 200 திர்ஹாம் நோட்டை நீட்டினால் சில்லறை திரும்பி வராது.

பாம்பாட்டி, குரங்காட்டிகளை எடுக்கலாமா?

நான் எடுப்பதில்லை. நாகங்களின் பல்லைப் பிடுங்குவதும் வாயைத் தைப்பதும் அங்கே வழக்கம்தான். சங்கிலியில் கட்டி, சட்டை போட்டுக் கொண்டுவரும் குரங்குகள் அட்லஸ் மலைக்காட்டைச் சேர்ந்த பார்பரி மக்காக் இனம், அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. நீங்கள் கொடுக்கும் 20 திர்ஹாம் அடுத்த குட்டியைப் பிடித்துவரச் சொல்லும் கூலி. மகுடிச் சத்தம் கேட்டால் இருபது அடி தள்ளி நடந்துவிடுங்கள், தோளும் தப்பும்.

வழியில் போகிற சாதாரண மக்களை எடுத்தால்?

பலருக்குப் பிடிக்காது, முக்கியமாகப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும். முகத்தைத் திருப்பினால், கையை உயர்த்தினால், அத்தோடு விட்டுவிட வேண்டும். கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, புருவத்தால் கேட்டாலே போதும், மொழி தேவையில்லை. ‘வாக்கா’ என்றால் சரி, ‘லா’ என்றால் இல்லை.

போலீஸ், ராணுவம், அரண்மனை வாசல், இவற்றின் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. திடலின் ஓரத்திலேயே போலீஸ்காரர்கள் நிற்பார்கள், அகலமான காட்சி எடுக்கும்போது கவனம்.

வட்டமாகக் கூடி நிற்கிறார்களே, அந்தக் கூட்டத்துக்குள் போகலாமா?

போக வேண்டும். அந்த வட்டத்துக்கு ‘ஹல்கா’ என்று பெயர். கதைசொல்லி, கோமாளி, குத்துச்சண்டை காட்டுபவர், பாட்டுக்காரர் யாராக இருந்தாலும் முதலில் செய்வது ஆட்களை வட்டமாக நிறுத்துவது. பேசுவதெல்லாம் மொராக்கோ அரபு, நமக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் நல்ல இடத்தில் கதையை நிறுத்தித் தொப்பியை நீட்டுகிற சாமர்த்தியம் எந்த மொழியிலும் புரிந்துவிடும். பழைய கதைசொல்லிகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டார்கள். பாட்டும் தாளமும்தான் அதிகம்.

நீங்கள் தேட வேண்டியது க்னாவா வாசிப்பவர்களை. சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை இது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ‘கிம்ப்ரி’ என்கிற மூன்று தந்தி வாத்தியம் அடிவயிற்றில் அதிரும். கையில் ‘கராகெப்’ என்ற இரும்புத் தாளம், குதிரை ஓடுவது போன்ற சத்தம். தொப்பி முழுக்கச் சோழி தைத்திருக்கும், உச்சியில் நீளமான குஞ்சம். தலையைச் சுழற்றினால் குஞ்சம் ராட்டினமாகச் சுற்றும்.

அதை எடுக்க ஷட்டரை நொடியில் 15இல் ஒரு பங்குக்கு இறக்கினேன். முகம் அசையாமல், குஞ்சம் மட்டும் வெள்ளை வளையமாக விழ வேண்டும் என்று ஆசை. முப்பது தடவை எடுத்தும் முகமும் சேர்ந்தே கலங்கியது. வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் என் அவஸ்தையைப் பார்த்திருக்க வேண்டும். தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் மெதுவாகச் சுழற்றி, கண்ணால் ‘இப்போது எடு’ என்றார். எடுத்தேன். அவருக்கு இப்படி எத்தனை பேரைத் தெரிந்திருக்கும்! உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டதற்கும் சேர்த்து 50 திர்ஹாம் வைத்தேன். பாம்புக்குக் கொடுத்த அதே 50.

வடக்கே உள்ள சந்தைத் தெருக்களில் வழி தவறிவிடுமா?

கண்டிப்பாகத் தவறும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ‘சூக்’ என்பது சந்தை. சூக் செம்மாரின் என்ற அகலமான தெருவில் நுழைந்து நேராகப் போனால், வலது கையில் ரஹ்பா கெதிமா என்ற சின்னத் திடல் வரும். கூடை, தொப்பி, மசாலா, ரோஜா மொட்டு எல்லாம் அங்கே. ஒரு காலத்தில் இதை ஒட்டிய இடத்தில்தான் அடிமைகளை ஏலம் விட்டார்கள். கூம்பு கூம்பாக நிமிர்ந்து நிற்கும் மசாலாவைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், பல கடைகளில் உள்ளே இருப்பது வெறும் அட்டைக் கூம்பு.

தெருக்களுக்கு மேலே நாணல் தட்டியும் மரச் சட்டமும் கூரையாக இருக்கும். பதினொரு மணி வாக்கில் அதன் இடுக்கு வழியே வெயில் வரி வரியாக விழும். தூசியும் புகையும் இருந்தால் அந்த வரிகள் காற்றிலேயே தெரியும். நல்ல வரி ஒன்றைக் கண்டுபிடித்து எதிரே சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். காட்சி உங்களைத் தேடி வரும். ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்த பையன், ஜெல்லாபா அங்கியின் தலைக்கூம்பை மாட்டிய கிழவர், கழுதை வண்டி. ‘பாலாக்! பாலாக்!’ என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டுங்கள். ‘வழி விடு’ என்று அர்த்தம். மோட்டார் சைக்கிள்காரர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை.

சாயக்காரர் தெருவில் கம்பளி நூல் சிட்டங்கள் கொடியில் தொங்கும். மஞ்சள், நீலம், மாதுளம்பூச் சிவப்பு. யாராவது அன்பாகத் தலையில் துணி சுற்றிவிட வந்தால் அதுவும் கட்டணச் சேவைதான்.

இன்னொன்று: ‘திடலுக்கு அந்தப் பக்கம் வழி மூடியிருக்கிறது’, ‘தோல் பதனிடும் இடத்தில் இன்றைக்கு மட்டும் விசேஷம்’ என்று இளைஞர்கள் கூடவே வருவார்கள். வழியும் மூடவில்லை, விசேஷமும் இல்லை. ‘லா, ஷுக்ரன்’ என்று நடையைக் குறைக்காமல் சொல்லுங்கள். நம் முகத்தைப் பார்த்ததும் ‘ஷாருக் கான்!’ என்று கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

கேமரா, லென்ஸ், செட்டிங்?

35 மி.மீ. ஒற்றை லென்ஸ் எனக்குப் போதுமானதாக இருந்தது. நெரிசலில் லென்ஸ் மாற்றுவது நடக்காத காரியம், தூசியும் உள்ளே போகும். சந்தைக்குள் ஐஎஸ்ஓ 800 முதல் 1600, இரவில் 3200. டிரைபாட் வேண்டாம், கூட்டம் தட்டிவிடும்.

நிறம்தான் தொல்லை. ஊரே செம்மண் சுவர். வெயில் அதில் பட்டுத் தெறித்து எல்லா முகத்தையும் ஆரஞ்சாக்கும். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிசெய்வதாக நினைத்துச் சுவரையும் சேர்த்து வெளுத்துவிடும். வெயில் செட்டிங்கில் நிறுத்தி, RAW கோப்பாக எடுத்து, வீட்டில் திருத்துங்கள்.

ஃபோன் போதுமா என்றால், போதும். ஃபோனைப் பார்த்தால் ஆட்கள் இறுக்கமாவதும் குறைவு. கைப்பிடிக் கயிறு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரோன்?

கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பெண்கள் தனியாகக் கேமராவோடு நடக்கலாமா?

இரண்டாம் முறை என் தங்கையும் வந்தாள். பகல் முழுவதும் தனியாகத்தான் சுற்றினாள். பேச்சுக் கொடுப்பார்கள், கூடவே வருவார்கள், தொந்தரவு உண்டு என்கிறாள். பதில் சொல்லாமல் கடைக்குள் நுழைந்துவிடுவது அவள் வழி. இரவு பத்துக்கு மேல் சந்துகளில் தனியாகப் போகவில்லை. ஆனால் கடைக்காரப் பெண்கள் அவளுக்குக் கொடுத்த படங்கள் எனக்கு ஏழு ஜென்மத்திலும் கிடைக்காது.

மருதாணி போடும் பெண்கள் திடீரென்று கையைப் பிடித்துக் கோலத்தைத் தொடங்கிவிடுவார்கள், பிறகு காசு கேட்பார்கள். கருப்பு மருதாணி என்றால் கையை உருவிக்கொள்ளுங்கள். அதில் கலக்கும் தலைமுடிச் சாய ரசாயனம் தோலைக் கொப்பளிக்க வைக்கும். மருதாணி ஒருபோதும் கருப்பாக இருக்காது என்பது நமக்குத் தெரியாதா?

2023 நிலநடுக்கத்தில் திடல் சேதமானதா?

அந்தச் செப்டம்பர் 8 இரவு 6.8 அளவு அதிர்வில் பெரும் உயிர்ச்சேதம் நடந்தது அட்லஸ் மலைக் கிராமங்களில். மராகேஷின் மதினாவில் பல வீடுகள் விழுந்தன, திடலின் ஓரத்திலிருந்த கர்பூஷ் பள்ளிவாசலின் கோபுரம் சரிந்தது. சந்துகளில் முட்டுக் கொடுத்த சுவர்களைப் பார்த்தால் அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

அங்கே என்ன சாப்பிடலாம்? சைவத்துக்கு வழி உண்டா?

உணவுக் கடைகளுக்குப் பெயரை விட எண்தான் முக்கியம். ஆள் பிடிப்பவர்கள் தங்கள் எண்ணைக் கத்திக்கொண்டே கையை இழுப்பார்கள். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு உட்காருங்கள், மேசையில் தானாக வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் கடையே நல்ல கடை. நத்தைச் சாறு, ஆட்டுத்தலை எல்லாம் உண்டு.

சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய்ச் ‘சாலூக்’, மொச்சை போன்ற பயற்றில் செய்யும் ‘பிஸ்ஸாரா’. காய்கறி குஸ்குஸ் (கோதுமை ரவைச் சாப்பாடு) என்று போட்டிருந்தாலும் இறைச்சி வெந்த நீரில் செய்திருக்கலாம், ஹரிரா சூப்பிலும் அப்படித்தான்.

கடைசியாகச் செம்புப் பாத்திரங்கள் பளபளக்கும் கூதஞ்சல் கடை. சின்னக் கோப்பையில் கொதிக்கக் கொதிக்கக் கருப்பாக ஒன்றை ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரிந்து, பாட்டி ஞாபகம் வந்தது. சித்தரத்தைக் கஷாயம்! கூதஞ்சல் என்றால் அரத்தைக் கிழங்கேதான், கூடவே பட்டை, இஞ்சி. இருமல் வந்தால் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதற்கு அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

திடலுக்கு மட்டும் மூன்று மாலைகள். முதல் நாள் கேமராவை அறையில் வைத்துவிட்டுப் போங்கள், இரண்டாம் நாள் கீழே, மூன்றாம் நாள் மாடி. ஒரு பகலை பென் யூசுப் மதரஸாவுக்கும், பக்கத்துச் சந்திலுள்ள புகைப்பட அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய மராகேஷ் முகங்கள் அங்கே சுவரில் இருக்கின்றன, மொட்டைமாடியில் டீயும் கிடைக்கும். அந்தப் பழைய படங்களில் ஒன்றிரண்டு பேர் கேமராவைப் பார்த்து முறைக்கிறார்கள். காசு வாங்கினார்களோ என்னவோ.